ரோபோ அணிக்கு ஒரு விளக்குப் பலகை: மணலியில் செய்து விற்க

ஆடி மாதத்தில் மணலியிலிருந்து திருவொற்றியூர் வரை இரவில் போனால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் வாசலில் சவுக்குக் கம்பு கட்டியிருப்பார்கள். அதில் சீரியல் செட்டில் அம்மன் உருவம் எழும்பி நிற்கும். விளக்கு வேலை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1969-இல் இங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியதிலிருந்து எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் என்று வீட்டுக்கு ஒருவர் கைத்தொழில் தெரிந்தவராக இருக்கிறார். தச்சரும் ரீவைண்டிங் கடையும் நடந்து போகிற தூரத்தில் உண்டு. இவ்வளவு திறமை கூடியிருக்கும் இடத்தில், ஒரு மேசையும் சால்டரிங் அயர்னும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செய்து விற்கக்கூடிய பொருள் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். மாணவர் ரோபோ அணிகளுக்கான எல்இடி பெயர்ப் பலகைதான் அது.

யார் வாங்குவார்கள் என்பதில் தொடங்குவோம். 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் நாடு முழுவதும் 10,000 பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் அமைந்திருக்கிறது. 6-ஆம் வகுப்பிலிருந்து 12-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அங்கே ரோபோ செய்கிறார்கள். பொறியியல் கல்லூரிகளில் ரோபோகான் அணிகள் இருக்கின்றன. 2002-இல் டோக்கியோவில் தொடங்கிய இந்த ஆசிய-பசிபிக் போட்டி 2008-லும் 2014-லும் புனேயில் நடந்தது. லெகோ ரோபோ போட்டிகளும் உலக ரோபோ ஒலிம்பியாட் சுற்றுகளும் இவை போக உண்டு. போட்டி அரங்கில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மேசை தருவார்கள். அதற்கு ‘பிட்’ என்று பெயர். நடுவர்கள் பிட் பிட்டாக வந்து கேள்வி கேட்பார்கள். பல பிட்டுகளில் அணியின் பெயர் ஒரு ஏ4 தாளில் அச்சாகி, செல்லோ டேப்பில் ஒட்டப்பட்டு, மின்விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைகளின் பெயர் அப்படித் தொங்குவது எனக்கு மனசு ஆறாத விஷயம்.

இந்தப் பலகையைத் திருகாணியால் பூட்டுங்கள், பசையால் மூடாதீர்கள். எந்த வேலையாக இருந்தாலும் இதை நினைவில் வையுங்கள். வாங்குகிறவர்கள் ரோபோ செய்கிற பிள்ளைகள். ஒரு பொருளைக் கொடுத்தால் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். போட்டி நாள் காலையில் விளக்கு எரியாவிட்டால் அவர்களே பிரித்துச் சரிசெய்ய முடிய வேண்டும். கடையில் விற்கும் மலிவு விளக்குப் பலகைகளில் பெரும்பாலானவை பசை வைத்து மூடியவை. அவற்றில் கிடைக்காததை நீங்கள் கொடுக்கலாம்.

எப்படி ஒளிர்கிறது

அக்ரிலிக் தகட்டின் கீழ் விளிம்பில் எல்இடி ஸ்ட்ரிப்பை வைத்தால் ஒளி தகட்டுக்குள்ளேயே முன்னும் பின்னும் மோதியபடி மேலே போகும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. தகட்டின் பரப்பில் ஏறத்தாழ 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழும் ஒளி வெளியே வராமல் உள்ளே திரும்பிவிடும். பரப்பில் எங்கே கீறியிருக்கிறதோ அங்கே மட்டும் ஒளி சிதறி வெளியே வரும். ஆகவே எழுத்தைக் கீறினால் எழுத்து மட்டும் ஒளிரும், மற்ற இடம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். பள்ளி இயற்பியலில் படித்த முழு அக எதிரொளிப்புதான் இது. விற்கும்போது இதை மாணவர்களிடம் சொல்லுங்கள். நடுவர் கேட்டால் அவர்களும் விளக்குவார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எழுத்து ஒளிர்வதுபோலவே கைதவறி விழுந்த கீறலும், தூசியும், விரல் ரேகையும் ஒளிரும். மணலிக் காற்றில் தூசி எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. அக்ரிலிக்கின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தைக் கடைசிச் சோதனை வரை உரிக்காதீர்கள். துடைக்கச் சோப்பு நீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். ஸ்பிரிட், தின்னர் பக்கமே போக வேண்டாம். லேசரில் வெட்டிய விளிம்பில் அவை பட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடும்.

பொருள் வாங்குதல்

திருவொற்றியூர் தேரடியிலோ விம்கோ நகரிலோ மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். எல்இடி ஸ்ட்ரிப், அடாப்டர், கனெக்டர், ஸ்விட்ச், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், மல்டிமீட்டர் எல்லாம் அந்த ஒரே தெருவில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அக்ரிலிக் தகட்டைத் தனியாக வாங்கி வீட்டுக்குச் சுமந்து வருவதைவிட, லேசர் கட்டிங் செய்யும் கடையிலேயே தகடும் சேர்த்துக் கேட்பது நல்லது. 8×4 அடி தகட்டில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் அங்கே கிடக்கும். ஏ4 அளவுப் பலகைக்கு அந்தத் துண்டே தாராளம்.

தகடு வாங்கும்போது ‘காஸ்ட் அக்ரிலிக்’ என்று கேளுங்கள். லேசர் பட்டால் அது வெள்ளையாகப் பனி படர்ந்ததுபோல் கீறும். எக்ஸ்ட்ரூடட் வகையில் கீறல் வெளுக்காமல் தெளிவாகவே நிற்பதால் ஒளி சரியாக ஏறாது. தடிமனை ஸ்ட்ரிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 3528 என்று எழுதியிருந்தால் அந்த எல்இடியின் அளவு 3.5 எம்எம்-க்கு 2.8 எம்எம். 5050 என்றால் 5-க்கு 5. 3528-க்கு 4 எம்எம் தகடு பொருந்தும். 5050 வைப்பதாக இருந்தால் 5 அல்லது 6 எம்எம் எடுங்கள். எல்இடியைவிட மெல்லிய தகடு எடுத்தால் ஒளியில் ஒரு பகுதி இருபுறமும் கசிந்து கண் கூசும்.

அடாப்டரில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிட்ட 12 வோல்ட் அடாப்டரையே வாங்குங்கள். 230 வோல்ட் அந்த மூடிய பெட்டிக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். உங்கள் பலகைக்குள் 12 வோல்ட்டோ 5 வோல்ட்டோ மட்டும்தான் நுழைய வேண்டும். பிள்ளைகள் திறந்து பார்க்கப்போகும் பொருளில் இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

எழுத்தை வடிவமைத்தல்

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். அரங்கில் 30 அடி தூரத்திலிருந்து படிக்க வேண்டுமானால் எழுத்து ஏறத்தாழ 3 அங்குலம் உயரம் வேண்டும். 10 அடிக்கு ஓர் அங்குலம் என்பது பலகை எழுதுகிறவர்கள் பின்பற்றும் கணக்கு. ஆகவே அணி எண்ணைப் பெரிதாகவும் பெயரை அதற்குக் கீழேயும் பள்ளி அல்லது கல்லூரிப் பெயரைச் சிறிதாகவும் வையுங்கள். முழக்க வாசகம், உறுப்பினர் பட்டியல், ரோபோ படம் என்று எல்லாவற்றையும் ஒரே தகட்டில் திணிக்கச் சொல்வார்கள். பொறுமையாக மறுத்துவிடுங்கள்.

தமிழில் பெயர் வைக்கும் அணிகளை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் தமிழ் எழுத்துக்கு இரண்டு கவனம் தேவை. முதலாவது புள்ளி. கணினித் திரையில் அழகாகத் தெரியும் புள்ளி, கீறும்போது 1 எம்எம்-க்கும் கீழே போய்விட்டால் ஒளியில் காணாமல் போகும். குறைந்தது 2 எம்எம் விட்டம் வருமாறு பெரிதாக்குங்கள். மெல்லிய முனைகள் கொண்ட அலங்கார எழுத்துரு வேண்டாம், ஒரே தடிமனாக ஓடும் எழுத்துருதான் சரி. இரண்டாவது, கோப்பு. லேசர் கடையின் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொ’ இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ நிற்கும். இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் தட்டச்சு செய்து, எழுத்தைப் பாதையாக மாற்றி, டிஎக்ஸ்எஃப் அல்லது எஸ்விஜி கோப்பாகக் கொடுங்கள். பாதையாகிவிட்ட எழுத்தை எந்தக் கணினியும் கலைக்க முடியாது.

பிறகு முழு வடிவத்தையும் இடவலமாகத் திருப்புங்கள். கீறலைத் தகட்டின் பின்பக்கத்தில் போட்டால் முன்பக்கம் வழவழப்பாக இருக்கும், துடைக்கவும் எளிது. கீறலின் ஆழம் 0.3 எம்எம் இருந்தாலே போதும். ஆழத்தைக் கூட்டினால் ஒளி கூடும் என்று நினைக்க வேண்டாம், கூடுவது லேசர் கூலி மட்டும்தான். பெரிய பரப்பை நிரப்ப வேண்டியிருந்தால் ஸ்ட்ரிப்புக்கு அருகில் புள்ளிகளை இடைவெளி விட்டும், மேலே போகப்போக நெருக்கமாகவும் போடுங்கள். இல்லையென்றால் கீழே பளீரென்றும் மேலே மங்கலாகவும் இருக்கும்.

முதல் பலகைக்கு லேசர் இல்லாமலும் செய்யலாம். ஸ்டிக்கர் கடையில் எழுத்து வெட்டிய வினைல் வாங்கி, எழுத்துப் பகுதியை உரித்துவிட்டுச் சுற்றுப்பகுதியை மட்டும் தகட்டில் ஒட்டி, திறந்திருக்கும் இடத்தை 220 எண் உப்புத்தாளால் வட்ட வட்டமாகத் தேயுங்கள். வினைலை உரித்தால் பனிபோல் எழுத்து நிற்கும். மாணவர்களை வைத்து ஒரு பயிற்சி நடத்துவதற்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

வெட்டக் கொடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. சன்போர்டு என்று விற்கும் பிவிசி பலகையை லேசரில் வெட்டச் சொல்லாதீர்கள், மலிவு என்பதற்காகக்கூட. அது எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு புகை நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். காற்றுக்காக இத்தனை காலம் போராடிக்கொண்டிருக்கும் ஊரில் அந்தப் புகையை நாமே உண்டாக்கக் கூடாது. அக்ரிலிக் ஒட்டுவதற்குக் குளோரோஃபார்ம் பயன்படுத்துகிற பழக்கம் போர்டு கடைகளில் இருக்கிறது. திருகாணியில் பூட்டுகிற நமக்கு அது தேவையே இல்லை.

அடிக்கட்டையும் மின்வேலையும்

அடிக்கட்டைக்கு மரமே சிறந்தது. மர அறுவை ஆலையில் மிஞ்சும் துண்டுகளில் 2 அங்குலம் உயரம், 3 அங்குலம் அகலம் உள்ளதாகப் பார்த்து எடுத்துத் தச்சரிடம் கொடுங்கள். நடுவில் தகட்டின் தடிமனைவிட அரை எம்எம் கூடுதலாக ஒரு காடி, ஆழம் 12 எம்எம். கீழ்ப்பக்கத்தைக் காடியைத் தொடும்வரை குடைந்து ஒரு பள்ளமும், அதன் மேல் நான்கு திருகாணியில் நிற்கும் மூடியும் கேளுங்கள். தகட்டைக் காடிக்குள் பிடித்து நிறுத்தப் பக்கவாட்டில் இரண்டு போல்ட் போதும். அக்ரிலிக்கில் துளை போடும்போது விளிம்பிலிருந்து 10 எம்எம் தள்ளி, மெதுவான வேகத்தில் போடுங்கள். துளை போல்ட்டைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் ஒரு கோடைகாலத்தில் விரிசல் விடும்.

ஸ்ட்ரிப்பின் பின்னால் இருக்கும் ஒட்டும் நாடா சென்னைப் புழுக்கத்தில் சில மாதங்களில் கழன்றுவிடும். அலுமினியச் சேனல் ஒன்றைக் காடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் வைத்து அதில் ஸ்ட்ரிப்பைப் பதியுங்கள். வெப்பமும் இறங்கும், மாற்றும்போது சேனலோடு உருவி எடுக்கவும் முடியும். தகட்டின் மற்ற மூன்று விளிம்புகளிலும் அலுமினிய டேப் ஒட்டினால் வெளியேறும் ஒளி உள்ளே திரும்பும், எழுத்து இன்னும் பளிச்சென்று தெரியும்.

மின்கணக்கு எளிது. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 12 வோல்ட் 3528 ஸ்ட்ரிப் மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும். 30 செ.மீ. நீளத்துக்கு 1.44 வாட், அதாவது 0.12 ஆம்பியர். அதே நீளம் 5050 என்றால் 4.3 வாட், 0.36 ஆம்பியர். 1 ஆம்பியர் அடாப்டர் இரண்டுக்கும் தாங்கும். ஸ்ட்ரிப்பை மூன்று எல்இடிக்கு ஒரு முறை வரும் வெட்டுக் குறியில் மட்டுமே வெட்ட வேண்டும். செம்புத் திட்டில் சால்டரிங் அயர்னை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைத்தால் திட்டே பெயர்ந்துவிடும். ஈய வேலை முடிந்ததும் பிளஸ் மைனஸை மல்டிமீட்டரில் சரிபார்த்து, இணைப்பை ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடுங்கள். எண்ணூர், காசிமேடு பக்கம் கடற்காற்றில் திறந்து கிடக்கும் செம்பு சீக்கிரமே பச்சை பூக்கும். ஸ்ட்ரிப்புக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவே கட்டாயம் ஒரு கழற்றும் கனெக்டர் வையுங்கள். ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது, வீட்டில் செய்யும்போது இதை முக்கியமாகக் கவனியுங்கள்.

போட்டி அரங்கில் மின்சாரப் பிளக் கிடைப்பது அரிது. கிடைக்கும் ஒன்றிலும் லேப்டாப்பும் ரோபோவின் பேட்டரி சார்ஜரும் ஏறியிருக்கும். அதனால் பவர் பேங்கில் எரியும் 5 வோல்ட் பலகைக்குத்தான் மதிப்பு அதிகம். டபிள்யூஎஸ் 2812பி என்ற ஸ்ட்ரிப்பில் ஒவ்வோர் எல்இடியையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம். முழு வெள்ளையில் ஒன்றுக்கு 60 மில்லி ஆம்பியர்வரை எடுக்கும். 18 எல்இடிக்கு 1.08 ஆம்பியர், அதாவது 5.4 வாட். 10,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது 37 வாட்-மணி. மாற்றத்தில் இழப்பது போகச் சுமார் 30 கிடைத்தாலும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். சிவப்பு மட்டும் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் செலவு, ஒரு முழுப் போட்டி நாளைத் தாண்டிவிடும். சில பவர் பேங்குகள் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் தானாகவே அணைந்துவிடுவதால் வாடிக்கையாளரின் பவர் பேங்கிலேயே போட்டுப் பாருங்கள்.

ரோபோகானிலும், ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு நடத்தும் மாணவர் ரோபோ போட்டிகள் சிலவற்றிலும் ஆட்டம் சிவப்பு, நீலம் என்று இரு பக்கமாகப் பிரியும். அணி எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்த நிறத்துக்கு ஒரு பொத்தானில் மாறும் பலகையைச் செய்து காட்டுங்கள். உள்ளே ஓர் ஆர்டுயினோ நேனோ, டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர், மின்முனைகளில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால் முடிந்தது. யூஎஸ்பி வாயை வெளியே தெரியும்படி விடுங்கள். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் தங்கள் அனிமேஷனைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள். அந்த வசதிக்காகவே வாங்குகிற அணிகள் உண்டு. ஆனால் இது பிட்டுக்கான பலகை. ரோபோவின் மேலேயே விளக்கு கேட்டால், அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை அவர்களைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

விலையும் விற்பனையும்

கணக்குப் போடும் முறைக்காக ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் கடை விலைகளை வைத்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். அக்ரிலிக்கும் லேசரும் 350 ரூபாய், ஸ்ட்ரிப்பும் ஸ்விட்ச்சும் வயரும் 120, அடாப்டர் 180, அடிக்கட்டை 150, பேக்கிங் 60 என்றால் பொருள் செலவு 860. இரண்டரை மணி நேர உழைப்புக்கு மணிக்கு 120 என்று 300. உடைவு, வீணுக்குப் பொருள் செலவில் பத்தில் ஒரு பங்கு, 86. பின்னால் வரும் பழுதுக்கு ஒதுக்க 100. மொத்தம் 1,346. இதற்குக் கீழே விற்றால் உங்கள் உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறீர்கள். வீட்டிலிருந்து செய்கிற பெண்கள்தான் தங்கள் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்கிறார்கள். அந்த 300-ஐ முதலில் எழுதிவிட்டு மற்றதைக் கூட்டுங்கள், அக்கா.

விற்கப் போகும்போது எரியும் மாதிரிப் பலகை ஒன்று கையில் இருக்க வேண்டும். படம் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளியில் டிங்கரிங் லேப் பொறுப்பாசிரியரையும், கல்லூரியில் ரோபோடிக்ஸ் கிளப்பின் மாணவத் தலைவரையும் பாருங்கள். பள்ளிகள் கொட்டேஷனும் பில்லும் கேட்கும். அதற்குச் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு கைகொடுக்கும். 2020 ஜூலை முதல் இணையத்தில் கட்டணமின்றிச் செய்யலாம். மாநிலத்துக்குள் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் வேறு மாநிலத்துக்கு அனுப்புவதற்கு இந்த வரம்பு பொருந்தாது. பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தால் மகிழ்ச்சியில் உடனே ஒப்புக்கொள்ளாமல் ஓர் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். 18 வயது நிரம்பாத மாணவர்கள் செய்து விற்பதானால் பில்லும் பொறுப்பும் பெற்றோர் பெயரில் இருக்கட்டும்.

போட்டி அமைப்புகளின் இலச்சினைகள் பலவும் பதிவு பெற்ற வணிகக் குறிகள். அனுமதி இல்லாமல் அவற்றைக் கீறி விற்க வேண்டாம். அசோகச் சிங்கம் கேட்கிற தலைமையாசிரியர்களும் இருக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கண்டபடி பயன்படுத்தத் தடை விதித்திருக்கிறது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். அணியின் சொந்த இலச்சினையை அவர்கள் எழுத்து மூலம் ஒப்புதல் கொடுத்த பிறகு போடலாம்.

ஆர்டர் எடுக்கும்போது பாதிப் பணம் முன்பணம். வடிவத்தை ஒரு தாளில் அச்சிட்டுப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கையெழுத்திடச் சொல்லுங்கள். ஒரு ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் நடுவே முழுத் தகடும் வீணாகும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே கையில் சேருமாறு தேதி குறியுங்கள். கடைசி வார ஆர்டரை வாங்காதீர்கள். அவசரத்தில் செய்த பலகை அரங்கில் அணைந்தால் அந்தக் கல்லூரியில் மறுபடி விற்க முடியாது. அனுப்புவதற்கு முன் இரண்டு மணி நேரம் தொடர்ந்து எரியவிட்டு, அடாப்டரும் இணைப்புகளும் சூடேறுகின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். தகட்டையும் அடிக்கட்டையையும் தனித்தனியாகக் கழற்றிப் பேக் செய்தால் கூரியரில் உடையாது.

பெட்டிக்குள் ஒரு சிறு உறை வையுங்கள். அதில் வெட்டிய மாற்று ஸ்ட்ரிப் ஒன்று, கனெக்டரோடு. இரண்டு உபரித் திருகாணி, ஓர் ஆலன் கீ. அடிக்கட்டை மூடியின் உட்புறம் மின்சுற்றுப் படத்தைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். எது பிளஸ், எத்தனை வோல்ட், எந்த ஸ்ட்ரிப் என்று தெரிய வேண்டும். நேரில் கொடுப்பதானால் அணியில் வயதில் சிறியவரைக் கூப்பிட்டு, உங்கள் கண்முன்னால் பலகையைப் பிரித்து, ஸ்ட்ரிப்பை மாற்றி, மறுபடி பூட்டி, எரியவைக்கச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.